திங்கட்கிழமை மட்டும் மூச்சுத் திணறும் லாரி

மூன்று தரம் சரிசெய்து அனுப்பிய வண்டி நாலாவது தரமும் அதே நோயோடு வந்து வாசலில் நின்றால் எந்த மெக்கானிக்குக்கும் பைத்தியம் பிடிக்கும். எனக்குப் பிடித்தது. சாப்பிட உட்கார்ந்தால் கென்கி என்கிற சோளமாவு உருண்டையைப் பிட்டு வாயில் வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு வெறித்துப் பார்க்கிற பைத்தியம்.

என் பெயர் கொனாடு. குமாசியில், சுவாமேப் பட்டறைப்பேட்டையில், இருபது வருடமாக வண்டிகளுக்கு எலக்ட்ரிக் வேலை பார்க்கிறேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். வேலை தெரிந்தவளுக்கு வாய் இருந்தால் என்ன தப்பு என்று அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன்.

வண்டி பிராகோ அம்மாவுடையது. தாஃபோவில் சிமெண்ட் கடை வைத்திருக்கிற பெரிய மனுஷி. ஏழு டன் டீசல் லாரி ஒன்றே ஒன்று, பெற்ற பிள்ளை மாதிரி. அதை ஓட்டுகிறவன் என்சியா. முப்பத்தைந்து வயது இருக்கும், அதிர்ந்து பேசமாட்டான். வாரம் முழுக்க ஊருக்குள் சில்லறை ஓட்டம்தான். திங்கட்கிழமை மட்டும் நூற்றிருபது மூட்டை ஏற்றிக்கொண்டு மாம்போங் மேடேறி எஜுரா சந்தைக்குப் போகவேண்டும்.

ஜனவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை என்சியா முதல்முதலாக வண்டியைக் கொண்டுவந்தான். ஹர்மட்டான் காற்று வடக்கிலிருந்து புழுதியை அள்ளிக் கொட்டிக்கொண்டிருந்த நேரம். பேட்டையில் பாதிப்பேர் மூக்கில் துணி கட்டிக்கொண்டு வேலை பார்த்தார்கள்.

"அக்கா, மேட்டுல இழுவையே இல்ல. கட்டை வண்டி மாதிரி ஊர்ந்துக்கிட்டு வந்தேன்" என்றான்.

வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கிற ஸ்கேனரை மாட்டினேன். காற்று குறைவு என்றது. காற்றை அளக்கிற ஏர்ஃப்ளோ சென்சாரின் வயரை மீட்டர் வைத்துப் பார்த்தேன். கரண்ட் வருகிறது, எர்த் நன்றாக இருக்கிறது. சும்மா நிற்கும்போது கணக்கு ஒழுங்காகத்தான் காட்டியது. பாரம் ஏற்றி மேட்டில் மிதித்தால் நொடிக்கு நூற்றைம்பது கிராம் காற்று என்று காட்டவேண்டிய எஞ்சின் அது; தொண்ணூறைத் தாண்டவில்லை. சென்சாரைக் கழற்றினால் உள்ளே இருக்கிற கம்பியில் பழுப்பாகப் புழுதி ஒட்டியிருந்தது. ஸ்பிரே அடித்துக் கழுவி, உலரவைத்து மாட்டி, மறுபடி பாரத்தோடு ஓட்டிப் பார்த்தேன். நூற்றைம்பது. முடிந்தது கதை என்று கையைத் துடைத்தேன்.

அப்போது பிராகோ அம்மாவே வந்துவிட்டார். காதில் தங்கத் தோடு, மடிப்புக் கலையாத துணி, கையில் கைக்குட்டை.

"என்ன நோவு என் பிள்ளைக்கு?" என்று கேட்டார்.

"மூக்குல புழுதிம்மா."

"லாரிக்கு ஏதுடி மூக்கு?"

விடுவேனா நான்? பேனட்டுக்குக் கீழே அவர் தலையைக் குனியவைத்து, விரலை வைத்துக் காட்டினேன்.

"இதோ பாருங்க. இந்த நாலு கிளிப்பைத் தூக்கினா ஃபில்டர். அதுக்குப் பின்னாடி இந்தக் குழாய். இதுக்குள்ள மயிரிழை மாதிரி ஒரு கம்பி. கரண்ட்டால சூடா நிக்கும். போற காத்து அதை ஆத்தும். எவ்வளவு ஆறுதோ அவ்வளவு காத்து உள்ள போகுதுன்னு கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு, அதுக்குத் தக்கன டீசல் விடும். கம்பி மேல ஏதாவது ஒட்டிக்கிச்சுன்னா காத்து தொடுறதே அதுக்குத் தெரியாது. மூச்சு கம்மின்னு நெனச்சு டீசலையும் கொறைச்சிடும். இதுதாம்மா மூக்கு. இங்க நல்லா இருந்தா உங்க வண்டி மலையையே இழுக்கும். இங்க கெட்டா செத்த பாம்பு."

"அப்போ உசிரு இங்கதான்னு சொல்றே."

"உசிரேதான்."

பிராகோ அம்மா அந்தக் குழாயை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார். தொழிலைப் பெரிய மனுஷிக்குப் புரியவைத்துவிட்டேன் என்று எனக்கு ஒரே பெருமை.

அடுத்த செவ்வாய் வண்டி மறுபடி வாசலில் நின்றது.

"அக்கா, இந்தத் தரம் ஊரல, நின்னே போச்சு" என்றான் என்சியா. "பாதி மேட்டுல. பின்னாடி சறுக்க ஆரம்பிச்சுது. நூத்தியிருவது மூட்டை முதுகுல. ஹேண்ட்பிரேக் பிடிக்கல. ஓரமா ஒரு கல்லு இருந்துச்சோ, பிழைச்சேன்."

"கழுவின சென்சாரு எட்டு நாள்ல எப்படிடா கெடும்?"

"என்னைக் கேட்டா? செவ்வாய்லேர்ந்து சனி வரைக்கும் குதிரை மாதிரி ஓடுச்சு. திங்கக்கிழமை வந்தா செத்துடுது."

எந்தச் சென்சாருக்கு ஐயா கிழமை தெரியும்? கழற்றிப் பார்த்தேன். இந்தத் தரம் புழுதி இல்லை, கம்பியில் எண்ணெய். மெல்லிசாக, பளபளவென்று. எனக்கு உடனே கோபம் பக்கத்துப் பட்டறைக்காரன் அடோமாக்கோ மேல் பாய்ந்தது. அந்த எஞ்சினைப் போன வருடம் பிரித்துக் கட்டியவன் அவன்தான்.

"யோவ் அடோமாக்கோ! உன் எஞ்சின் எண்ணெயைக் கக்குதுய்யா. மூச்சுக்குழாய் வழியா வந்து என் சென்சாரைக் கெடுக்குது!"

அவன் சாவகாசமாக வந்து எட்டிப் பார்த்தான். "நான் கட்டின எஞ்சின் ஒரு சொட்டுக் கக்காது. உன் வாய்தான் கக்கும்" என்றான்.

பேட்டையே சிரித்தது. நான் அவனோடு பேசுவதில்லை என்று முடிவுசெய்து, எஞ்சினிலிருந்து வருகிற ஆவிக் குழாயைத் திருப்பி வெளியே விட்டு, ஃபில்டரையும் மாற்றி, கம்பியைக் கழுவி அனுப்பினேன். இனி எண்ணெய் எங்கிருந்து வரும், பார்க்கிறேன் என்று சவால்கூட விட்டேன்.

வந்தது. அடுத்த திங்கட்கிழமையே வந்தது. என்சியா சறுக்கிப் பின்சக்கரத்தைச் சாலையோரப் பள்ளத்தில் விட்டு நிறுத்தியிருந்தான். முகத்தில் ரத்தம் இல்லை.

எனக்கு அன்றைக்குத் தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை. பழைய சென்சார், கம்பி வெளியே தெரிகிற ரகம். எல்லாம் நேராக வந்து அதன் மேல்தான் விழும். இதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புது ரகம் போட்டால்தான் விடிவு என்று தீர்மானித்தேன். புது ரகத்தில் கம்பிக்குப் பதில் சின்னப் பட்டை; காற்று ஒரு வளைந்த வழியாக அதனிடம் போகும், புழுதி நேரே போய்விடும். பேட்டை முழுக்க அலைந்து, வெளிநாட்டிலிருந்து வந்த பழைய எஞ்சின்களுக்கு நடுவே ஒன்றைப் பிடித்தேன். ஆனால் அது பெரிய லாரியினுடையது. குழாய் அகலம் பத்து மில்லி கூட. அப்படியே மாட்டினேன், எஞ்சின் இன்னும் நோஞ்சானாகிவிட்டது.

அடோமாக்கோ தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். பேசாமல் இருக்க அவனால் முடியாது.

"அகலக் குழாய்ல காத்து மெதுவாப் போகும்மா தாயி. பட்டை கம்மியாத்தான் காட்டும். இதுகூடத் தெரியாமலா இருவது வருஷம்?"

தெரியும். குழப்பத்தில் மறந்துபோயிருந்தேன். அதை அவனிடம் சொல்லுவேனா? "தெரிஞ்சுதான் பண்றேன், லேத்துக்காரனைக் கூப்பிடு" என்றேன். அலுமினியத்தில் ஒரு உறை கடைந்து குழாய்க்குள் இறக்கினோம். பழைய அகலத்துக்குச் சரியாக வந்தது. கனெக்டரின் பின்னை மாற்றிப் போட்டு, லேப்டாப்பில் புது ரகத்தின் கணக்கை ஏற்றினேன். ஒஃபின்சோ ரோட்டில் பழைய எஞ்சின்களைப் பாரமாக ஏற்றி ஓட்டிப் பார்த்தோம். நூற்றைம்பத்திரண்டு. அடோமாக்கோகூடக் கைதட்டினான். நான்கு நாள் வண்டி பறந்தது.

திங்கட்கிழமை மேட்டில் மறுபடி நின்றது. மாட்டிப் பார்த்தால் எண்பது.

நாலாவது செவ்வாய் பிராகோ அம்மா வண்டியோடு சேர்ந்தே வந்தார். பட்டறை நடுவில் நின்றார். நாற்பது பேர் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்கள்.

"கொனாடு, நீ பண்ண வேண்டியதை நீ பண்ணிட்டே. இல்லேன்னு சொல்லல" என்றார். "நான் பண்ண வேண்டியதை நான் பண்ணிட்டு வர்றேன், அது கடவுளுக்குத் தெரியும். அப்போ பாக்கி யாரு?"

எல்லார் கண்ணும் என்சியா மேல் போயிற்று.

"வண்டியில குத்தமில்ல. ஸ்டியரிங்கைப் பிடிக்கிற கையிலதான் ஏதோ இருக்கு. இன்னும் ஒரே ஒரு திங்கக்கிழமை. மேட்டுல நின்னுச்சுன்னா சாவி வேற கைக்குப் போயிடும்."

எங்கள் ஊரில் முதலாளி சாவியை வாங்குவது பெரிய விஷயமில்லை; ஒரு இடத்தில் வாங்கினால் இன்னொரு இடத்தில் கொடுப்பார்கள். ஆனால் 'கை சரியில்லை' என்று நாற்பது பேர் முன்னால் சொல்லிச் சாவியை வாங்கிவிட்டால், அதற்கப்புறம் குமாசியில் எவனும் அந்தக் கையில் ஒரு தள்ளுவண்டிகூடக் கொடுக்கமாட்டான்.

பிராகோ அம்மா போனபிறகு என்சியா பழைய டயர் ஒன்றின் மேல் உட்கார்ந்தான். இரண்டு உள்ளங்கையையும் விரித்துப் பார்த்தான்.

"அக்கா, என் கையில நெஜமாவே ஏதாவது இருக்குமா?"

"கிரீஸ் இருக்கு. கழுவு" என்றேன்.

அவன் சிரிக்கவில்லை. "மூணு நாள் உபவாசம் இருந்தேன். யாருக்கு என்ன துரோகம் பண்ணினேன்னு யோசிச்சு யோசிச்சுப் பாக்குறேன். அத்தைகிட்டப் போய் மன்னிப்புக் கேட்டேன். எதுக்குன்னு அத்தை கேக்குறா. எனக்கே தெரியல."

கண்டுபிடிக்கத் தெரியாதவள் நான். பழி அவன் தலையில். ஒரு நல்ல மனிதன் தன் கையைத் தானே சந்தேகப்படும்படி ஆகிவிட்டதே என்று என் மேலேயே ஆத்திரம் வந்தது.

சென்சாரைக் கழற்றி அடோமாக்கோவிடம் நீட்டினேன். சண்டையெல்லாம் அப்புறம். அவன் விரலால் தொட்டு, முகர்ந்து, சட்டென்று நாக்கில் வைத்துவிட்டான்.

"சீ! என்னய்யா பண்றே?"

"எஞ்சின் ஆயில் இல்லம்மா. எஞ்சின் ஆயில் கறுப்பா இருக்கும். டீசலும் இல்ல. இது சாப்பிடுற எண்ணெய்."

"உன் பொண்டாட்டி சமையல்னு நெனச்சியா?"

"சத்தியமாச் சொல்றேன். பாமாயில்னா செவப்பா இருக்கும், அதுவும் இல்ல. இது வேற ஏதோ."

நானும் முகர்ந்தேன். நன்றாகத் தெரிந்த வாசனை. எங்கே என்றுதான் பிடிபடவில்லை. நாக்கு நுனியில் நிற்கிற பெயர் மாதிரி நின்றுகொண்டு உயிரை வாங்கிற்று. காற்றுக் குழாய்க்குள் எவன் ஐயா அடுப்பு மூட்டி மீன் பொரிக்கிறான்? என்சியாவைக் கேட்டேன், ஃபில்டருக்கு ஏதாவது எண்ணெய் போட்டாயா என்று. செத்துப்போன அப்பா மேல் ஆணையிட்டான். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது எனக்கு.

ஒன்று மட்டும் புரிந்தது. சனிக்கிழமைக்கும் திங்கட்கிழமை மேட்டுக்கும் நடுவேதான் என்னவோ நடக்கிறது. ஐந்தாவது திங்கட்கிழமை நானே ஸ்கேனரைப் பையில் போட்டுக்கொண்டு, வண்டியோடு மேடு ஏறுவதென்று தாஃபோவுக்குக் கிளம்பினேன்.

ஆறு மணிக்கே போய்விட்டேன். புழுதிக்குள் சூரியன் வெளுத்துப் போய்த் தெரிந்தது. தெருமுனையில் ஒருத்தி கம்பங்கஞ்சிக்குத் தீ மூட்டிக்கொண்டிருந்தாள். கடை முற்றத்தில் லாரி பாரத்தோடு நின்றது. என்சியா இன்னும் வரவில்லை. பேனட் திறந்திருந்தது.

உள்ளே குனிந்து நின்றது பிராகோ அம்மா.

தலையில் வெள்ளைத் துணி. காலில் செருப்பு இல்லை. நாலு கிளிப்பையும் பழகின கையோடு தூக்கி வைத்தார். ஃபில்டரை எடுத்து ஓரமாக வைத்தார். இடுப்பிலிருந்து சின்ன பாட்டில் ஒன்றை எடுத்து, மூடியைத் திறந்து, குழாய்க்குள் விரலை விட்டு எண்ணெய் தடவினார். அப்புறம் பாட்டிலைச் சாய்த்துக் கொஞ்சம் ஊற்றினார். கையைக் குழாய் மேலேயே வைத்துக்கொண்டு வாய்விட்டு ஜெபித்தார். எனக்குக் கேட்டது.

"ஆண்டவரே, அந்தப் பிள்ளை என்சியாவை மேட்டுல கைவிட்டுடாதே. அவன் கையில என்ன இருந்தாலும் எடுத்துப் போட்டுடு. அவனைச் சாவியோட எனக்கே திருப்பிக் கொடுத்துடு. எனக்கு வேற பிள்ளை வேண்டாம்."

அந்த வாசனை அப்போதுதான் பிடிபட்டது. ஒவ்வொரு ஞாயிறும் கோயிலில் போதகர் ஜெபித்து நெற்றியில் தொட்டு வைக்கிற ஆலிவ் எண்ணெய்! நானும் நெற்றியை நீட்டுகிறவள்தானே. பட்டறையில் அதை முகர்ந்துகொண்டு, கோயில் வாசனை என்று தோன்றாமல் போயிற்றே.

கண்டுபிடித்துவிட்டேன் என்று குதிக்கத்தான் தோன்றவேண்டும். தோன்றவில்லை. ஒரு பெரிய மனுஷியிடம், உன் ஜெப எண்ணெய்தான் உன் வண்டியைக் கொல்கிறது என்று எப்படிச் சொல்வது? எங்களில் ஒவ்வாத வார்த்தையைப் பெரியவர்களிடம் சொல்வதற்கு முன்னால் 'செபே' என்று சொல்லி மன்னிப்புக் கேட்டுக்கொள்வோம். ஒன்றுக்கு மூன்றாகச் சொன்னேன்.

"அம்மா, செபே, செபே, செபே."

அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். பாட்டிலைத் துணிக்குள் மறைத்தார். "இங்க என்னடி வேலை உனக்கு? இதை யாரும் பாக்கக் கூடாதுன்னு போதகர் சொல்லியிருக்காரு. பாத்தா பலிக்காது."

"பலிக்காமப் போனதே அதனாலதாம்மா. அந்த எண்ணெய்தான்."

"என்னது?"

"கம்பி மேல ஏதாவது ஒட்டினா காத்து தொடுறது தெரியாதுன்னு சொன்னேனே. இப்போ மாட்டின பட்டையும் அப்படித்தான். புழுதி ஒட்டினாலும் அதேதான், எண்ணெய் ஒட்டினாலும் அதேதான்."

"நீதானேடி சொன்னே, இதுதான் மூக்கு, இங்கதான் உசிருன்னு!" பிராகோ அம்மாவின் குரல் உயர்ந்தது. "நான் போதகர்கிட்டப் போய்ச் சொன்னேன். உசிரு எங்க இருக்கோ அங்க தடவுன்னாரு. மொத வாரம் ஒரு சொட்டு. வண்டி நின்னுச்சு. பத்தலை போலன்னு அடுத்த வாரம் ரெண்டு விரல். அப்பவும் நின்னுச்சு. போன வாரம் ஊத்தவே ஊத்தினேன்!"

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே நுணல் கெடவில்லை. நுணல் கத்தியதில் வேறொருவன் கெட்டுக்கொண்டிருந்தான். ஸ்கேனரை மாட்டி எஞ்சினை முடுக்கிக் காட்டினேன். ஐம்பத்தெட்டு. ஸ்பிரே அடித்துச் சென்சாரைக் கழுவினேன், குழாயை மூன்று துணியால் துடைத்தேன், ஃபில்டரை மாற்றினேன். மறுபடி முடுக்கினேன். நூற்றிரண்டு; நின்ற இடத்தில் அவ்வளவு வந்தாலே சரி. எண்கள் தெரிந்த வியாபாரி அவர். இரண்டு தரமும் பார்த்தார். முற்றத்துக் கல்லில் உட்கார்ந்தார்.

நிமிர்ந்தால் என்சியா நிற்கிறான். எவ்வளவு நேரமாக நிற்கிறானோ. அவன் முகத்திலிருந்தே எல்லாவற்றையும் கேட்டுவிட்டான் என்று தெரிந்தது.

அதே நேரம் பார்த்து வாசலில் இன்னொரு ஆள். தோளில் பை, புதுச் செருப்பு. "வணக்கம்மா. திங்கக்கிழமை காலையில வரச் சொன்னீங்க, டிரைவர் வேலைக்கு" என்றான்.

என்சியா அவனைப் பார்த்தான். அப்புறம் பிராகோ அம்மாவைப் பார்த்தான்.

"வேலை இல்லப்பா" என்றார் பிராகோ அம்மா, தலை நிமிராமல். "வண்டிக்கு டிரைவர் இருக்காரு. போயிட்டு வா."

அந்த ஆள் போனான். பிராகோ அம்மா எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டு நேரே லாரியில் ஏறினார். "நானும் வர்றேன். நின்னா என்னோட சேர்ந்து நிக்கட்டும்" என்றார்.

மூன்று பேரும் போனோம். நடுவில் நான், மடியில் ஸ்கேனர். மாம்போங் மேடு தொடங்கியதும் பிராகோ அம்மா கண்ணை மூடிக்கொண்டார். உதடு மட்டும் அசைந்தது. என்சியா கியரை இறக்கி மிதித்தான். நூற்றிருபது. நூற்றி நாற்பது. பாதி மேட்டில், அவன் சறுக்குகிற வளைவில், நூற்றைம்பது. எஞ்சின் முனகக்கூட இல்லை. நூற்றிருபது மூட்டையும் பஞ்சு மாதிரி ஏறிற்று. எனக்குக் கத்தவேண்டும் போல இருந்தது. பக்கத்தில் இருந்த இரண்டு முகத்தையும் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.

உச்சிக்கு வந்ததும் என்சியா வண்டியை ஓரங்கட்டினான். எஞ்சினை அணைத்தான். சாவியை உருவி, எனக்குக் குறுக்கே கையை நீட்டினான்.

"இந்தாங்கம்மா."

"என்னப்பா இது?"

"வாங்கிக்குங்க. ஆளெல்லாம் பாத்து வெச்சிருக்கீங்க. வண்டி நல்லா இருக்கும்போதே கொடுத்துடறேன். இன்னொரு நாள் வேற ஏதாவது கெட்டா மறுபடி என் கையைத்தானே சொல்வீங்க."

அவன் குரல் உயரவில்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம்.

பிராகோ அம்மா சாவியை வாங்கவில்லை. கதவைத் திறந்து இறங்கினார். வண்டியைச் சுற்றிக்கொண்டு அவன் பக்கத்துக் கதவுக்குக் கீழே வந்து, சாலையில் நின்றார். டிரைவர் மேலே, முதலாளி கீழே. போகிற வண்டிக்காரர்கள் வேகத்தைக் குறைத்து எட்டிப் பார்த்தார்கள்.

"இறங்காதே. அங்கேயே இரு" என்றார். "நாப்பது பேர் முன்னாடி உன் கையைச் சொன்னேன். அது உன் கை இல்ல, என் கை. இன்னிக்கு எஜுரா சந்தையில நாநூறு பேர் முன்னாடி சொல்றேன். அந்தப் பட்டறையிலயும் வந்து சொல்றேன். மூணு திங்கக்கிழமை உன்னை நானே கொல்லப் பாத்திருக்கேன்டா. ஜெபம் பண்ணிக்கிட்டே பண்ணியிருக்கேன்." கதவுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். "கெஞ்சிக் கேக்குறேன், சாவியை வெச்சுக்கோ."

"தப்புல பாதி என்னுது" என்றேன் நான். அதைச் சொல்ல எனக்கு அவ்வளவு கஷ்டமாக இருக்கும் என்று நினைக்கவில்லை. "நான்தான் பெரிய இவளாட்டம் மூக்கு, உசிருன்னு அளந்தேன்."

என்சியா ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே இருந்தான். அப்புறம் நிஜமாகவே விளங்காதவன் கேட்கிற மாதிரிக் கேட்டான்.

"அம்மா, மூணு தரமும் பின்னாடி சறுக்கினேன். ஒரு தரம் கல்லு தடுத்துச்சு. ஒரு தரம் பள்ளம். போன வாரம் எது தடுத்துச்சுன்னே தெரியல. பின்னாடி பள்ளிக்கூடப் பிள்ளைங்க வேன், அஞ்சு முழம்கூட இருக்காது. அப்படியே நின்னுடுச்சு. வண்டியைக் கெடுத்ததும் உங்க எண்ணெய், என்னைக் காப்பாத்தினதும் உங்க எண்ணெய்தானா?"

பிராகோ அம்மா என்னைப் பார்த்தார். அவனும் என்னைப் பார்த்தான்.

"எனக்குத் தெரியாது" என்றேன்.

என்சியா சாவியை மறுபடி செருகினான். ஆனால் திருகவில்லை. ஜன்னல் வழியாகக் கையை வெளியே நீட்டி, உள்ளங்கையை விரித்தான்.

"பாட்டில் வெச்சிருக்கீங்கல்ல. இனிமே தடவுறதுன்னா இதுல தடவுங்கம்மா."

பிராகோ அம்மா இடுப்பிலிருந்து பாட்டிலை எடுத்தார். மூடி லேசில் திறக்கவில்லை. கடைசியில் திறந்து, ஒரே ஒரு சொட்டு அவன் உள்ளங்கையில் விட்டு, அந்தக் கையைத் தன் இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு அழுதார். நடுரோட்டில், பெரிய மனுஷி, சின்னப் பிள்ளை மாதிரி. எனக்கும் கண்ணில் நீர் கட்டிக்கொண்டது.

"போதும், போதும். எண்ணெய்க் கையோட ஸ்டியரிங்கைப் பிடிச்சா வழுக்கும்டா" என்று என்சியாவிடம் ஒரு துணியை எறிந்தேன். "துடைச்சுட்டு ஓட்டு. சந்தைக்கு நேரமாச்சு."

அவன் துணியை வாங்கினான். அந்தக் கையைத் துடைக்காமல், இன்னொரு கையால் சாவியைத் திருகினான்.